முப்பது வயதில் எம்.பி.பி.எஸ். – கடிதம்

அன்புள்ள டாக்டர் ஐயா,

வணக்கம். எனக்கு முப்பது வயது. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் இன்ஜினீயராக இருக்கிறேன். போன வருடம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒருநாள் இரவு ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்), என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், ஒரு தாளின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்து, எந்தக் குழாயில் அடைப்பு, எதற்கு என்ன மருந்து என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அம்மா அன்றைக்குத்தான் தூங்கினார். அதிலிருந்து எனக்கு என் வேலையில் மனம் ஒட்டவில்லை.

பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் படித்தேன். அப்போதே மருத்துவம்தான் ஆசை, கட்-ஆஃப் எட்டவில்லை. இப்போது நீட் எழுதலாமா என்று யோசிக்கிறேன். அமெரிக்காவில் 35 வயதில் இன்ஜினீயர் வேலையை விட்டு மருத்துவம் படித்த ஒருவரின் பேட்டியை யூடியூபில் பார்த்தேன். மனைவி வங்கியில் வேலை செய்கிறார். ‘நீங்க படிங்க, நான் பார்த்துக்கறேன்’ என்கிறார். மாமனார் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நண்பர்கள் ஹெல்த்கேர் ஐ.டி. பக்கம் போகச் சொல்கிறார்கள். மேடவாக்கத்தில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு இ.எம்.ஐ. போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வயது கடந்துவிட்டதா? படித்துக்கொண்டே பகுதி நேரமாக ஏதாவது புராஜெக்ட் செய்ய முடியுமா?

ச.

*

அன்புள்ள ச.,

வயதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பை 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று இருந்து, அதுவும் நீதிமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. பிளஸ் டூவில் உயிரியல் படித்தது உங்களுக்கு இன்னொரு வசதி. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் இதே கேள்வியோடு வந்தால், முதலில் உயிரியலைத் தனிப் பாடமாக எழுதித் தேறிவிட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படித் தேறினால் செல்லும் என்று தேசிய மருத்துவ ஆணையம் சொன்னதே 2023 நவம்பரில்தான்.

அந்த அமெரிக்கப் பேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அங்கே பள்ளி முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குப் போகிற வழக்கம் இல்லை. முதலில் நான்கு ஆண்டு ஏதாவது ஒரு பட்டம். அது இன்ஜினீயரிங்காக இருக்கலாம், இசையாகக்கூட இருக்கலாம். கேட்கிற அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் போதும். அப்புறம் எம்கேட் தேர்வு, அதற்கப்புறம் நான்கு ஆண்டு மருத்துவம். வகுப்பில் பெரும்பாலானவர்கள் இருபதுகளின் நடுவில் இருப்பார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் அது பெரிய செய்தி இல்லை. பிரிட்டனில் பட்டதாரிகளுக்கென்றே நான்காண்டு மருத்துவப் படிப்பு தனியாக உண்டு. நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. உங்கள் பி.இ.க்கு நீட்டில் அரை மார்க்கூட மதிப்பு இல்லை. 17 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிற அதே மூன்று மணி நேரம், அதே 180 கேள்வி, அதே 720 மதிப்பெண்தான் உங்களுக்கும். 2025இல் 22 லட்சம் பேர் எழுதினார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் ஒன்றேகால் லட்சம்.

இன்ஜினீயர்கள் இயற்பியலை நம்பித் தைரியமாக வருவார்கள். ஆனால் 180இல் 90 கேள்வி உயிரியல். அங்கே யோசித்து விடை கண்டுபிடிக்கிற சாமர்த்தியத்துக்கு வேலை குறைவு. என்சிஇஆர்டி புத்தகத்தில் ஒரு படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கிற வரியிலிருந்து கேள்வி வரும். தவறான விடைக்கு ஒரு மார்க் போகும். நீங்கள் படித்த மாநிலப் பாடத்திட்டமே மாறிவிட்டது, 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டுக்கும் புதுப் புத்தகம் வந்தாயிற்று. பழைய ஞாபகத்தை நம்பாமல் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

சரி, இதெல்லாம் எந்தக் கோச்சிங் சென்டரிலும் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த ஹவுஸ் சர்ஜன். நீங்கள் பார்த்தது அவருடைய இரவில் ஒரு பத்து நிமிடம். மிச்ச நேரத்தில் அவர் என்ன செய்திருப்பார் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று அவருடைய யூனிட்டுக்கு அட்மிஷன் டே, அதாவது புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் நாள், என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலத்திலிருந்து படுக்கை படுக்கையாக ரத்தம் எடுத்திருப்பார். ஊதா மூடி ஒன்றுக்கு, சிவப்பு மூடி ஒன்றுக்கு, சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி. ஒவ்வொன்றிலும் பெயர், ஐ.பி. நம்பர். அட்டெண்டர் எங்கோ போயிருப்பார், ட்யூப்களைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு இவரே நடப்பார். திரும்பி வந்தால் எழுபது வயதுச் சர்க்கரை நோயாளி அம்மா ஒருவருக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட வேண்டும். புறங்கையில் நரம்பு தெரியும், ஊசி பட்டதும் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் தடவை உள்ளே போய் வீங்கிவிடும். மூன்றாவது குத்துக்கு அந்த அம்மாவின் மகன், ‘தெரிஞ்சவங்களக் கூப்பிடுங்க’ என்று சத்தம் போடுவார். நடுவில் சி.டி. ஸ்கேனுக்குப் போன் செய்து கெஞ்ச வேண்டும். விடிவதற்குள் கேஸ் ஷீட் எழுத வேண்டும். காலை ரவுண்ட்ஸில் சீஃப், ‘பதினாலாம் பெட்டுக்குப் பொட்டாசியம் எவ்வளவு?’ என்று கேட்பார். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்பதை அவர் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்த ராத்திரிக்கு நடுவில்தான் அந்த ஹவுஸ் சர்ஜன் உங்கள் அம்மாவுக்குப் படம் வரைந்திருக்கிறார். அவரை நான் மெச்சுகிறேன். ஆனால் படம் வரைவதை யாரும் அவருக்கு வேலையாகக் கொடுக்கவில்லை. வரையாவிட்டாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடம் மட்டுமா, வழுக்குகிற நரம்பும் சேர்த்தா? இதை ஓ.எம்.ஆர். சாலை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யாதீர்கள். உறவினர், அக்கம்பக்கத்தார் யாராவது அரசு மருத்துவமனையில் சேரும்போது இரவுத் துணைக்கு நீங்கள் போங்கள். நோயாளியை விட்டுவிட்டு அங்கே இருக்கிற ஹவுஸ் சர்ஜனையே பார்த்துக்கொண்டிருங்கள்.

நான் பணியில் இருந்தபோது எங்கள் யூனிட்டுக்கு ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்தார். இன்ஜினீயரிங் முடித்து, சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். காதோரம் நரை. வார்டில் நுழைந்ததும் நோயாளிகள் எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர் அவரைவிடச் சின்னப் பையன், அவன் சொல்வதை இவர் குறித்துக்கொள்வார். ‘பெரிய டாக்டரே சொல்லட்டும்’ என்று ஒரு பாட்டி இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பி.ஜி.க்கு முகம் சிவந்துவிட்டது. இவர் கொஞ்சமும் அசராமல், ‘பாட்டி, இவர்தான் எனக்கு வாத்தியார்’ என்றார். அந்த மனசு இருந்ததால் அவர் தப்பித்தார். உங்களுக்குக் கீழே இன்று எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவத்தில் சேர்ந்தால் பல ஆண்டுகளுக்கு நீங்கள்தான் எல்லோருக்கும் கீழே. வயதின் உண்மையான கஷ்டம் எனக்குத் தெரிந்து இதுதான். மனப்பாடம் செய்வதைக்கூடப் பழகிக்கொள்ளலாம்.

அவர் திணறியது வேறொரு இடத்தில். எதற்கும் மூலகாரணம் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. உங்கள் தொழிலில் பழுது வந்தால் அதையே இன்னொரு முறை வரவழைத்துப் பார்க்கலாம், லாக் எடுக்கலாம், பழைய நிலைக்குத் திருப்பலாம். மூச்சுத் திணறலோடு வருகிறவரிடம் அதெல்லாம் நடக்காது. காரணம் பாதி தெரியும்போதே ஆக்சிஜனையும் ஊசியையும் ஆரம்பித்துவிட வேண்டும். சிலருக்குக் காரணம் கடைசிவரை தெரியாமலேயே குணமாகி வீட்டுக்குப் போவார்கள். அந்த அரைகுறையோடு இருக்கப் பழக அவருக்கு நாளாயிற்று. ஆனால் எங்கள் லேப் ரிப்போர்ட்டுகளை ஒழுங்காக வரிசைப்படுத்திக் கொடுத்தவரும் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னையிலேயே இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. மேரி ஷார்லீப் என்று ஓர் ஆங்கிலேயப் பெண், இங்கே வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி. மூன்று குழந்தைகளுக்குத் தாய். பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, 1875இல், முப்பது வயதில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களை அங்கே முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டதே அப்போதுதான், மொத்தம் நான்கு பேர். பிறகு லண்டன் போய் அங்கேயும் படித்துப் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, 1885இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றும் திருவல்லிக்கேணியில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அதுதான். இதை உங்கள் மாமனாரிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஷார்லீப்புக்கு இ.எம்.ஐ. இல்லை என்பதை அவர் உடனே சுட்டிக்காட்டுவார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பணத்துக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் ஓர் ஆண்டு, ஆக ஐந்தரை. தேர்வுக்கு இரண்டு ஆண்டு என்று வைத்தால் முடிக்கும்போது உங்களுக்கு 37, 38. அதன்பிறகு எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கும் தனி நுழைவுத் தேர்வு. வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகப் போனால் இன்றைய உங்கள் சம்பளம் வராது. அரசுப் பணிக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் போகலாம், ஆனால் நீட்டில் வயது வரம்பு இல்லை என்பதற்காக அங்கேயும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ‘நான் பார்த்துக்கறேன்’ என்று உங்கள் மனைவி சொன்னது பெரிய வார்த்தை. அது பத்து ஆண்டு வார்த்தை என்று இருவரும் ஒரு பேப்பரில் மாதக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு அவர் மறுபடியும் சொல்லட்டும். குழந்தை பற்றிய யோசனை இருந்தால் அதுவும் அந்தப் பேப்பரில் வர வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் போங்கள், கட்டணம் ஆயிரங்களில் முடியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் ஆண்டுக்கே இருபது லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். ஃப்ளாட்டை விற்றுப் படிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்ட்டுகள் உங்களை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும், அங்கே 54 மாதப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்துத் திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். எழுதுகிறவர்களில் பத்துக்கு இரண்டு, மூன்று பேர் தேறுவதே பெரிய விஷயம். அதற்குமேல் இங்கே இன்னோர் ஆண்டு பயிற்சி. இருபது வயதுப் பையனுக்கே நான் தயங்கித்தான் சொல்வேன். ஆகவே வேலையை விடாமல் இரண்டு முறை நீட் எழுதுங்கள். அரசு இடம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். மூன்றாவது முறைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும், அதற்கு மசியாதீர்கள்.

ஹெல்த்கேர் ஐ.டி. பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. மருத்துவத்துக்குப் பொறியாளர்கள் செய்தது சாதாரணம் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட செயற்கை இதய வால்வு, அறுவை மருத்துவரும் பொறியாளரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் 2023இல் இதற்கென்றே ஒரு துறை தொடங்கியிருக்கிறார்கள். அந்த வேலை பிடித்திருந்தால் அதற்காகவே போங்கள், மருத்துவம் கிடைக்காததற்கு ஆறுதலாகப் போக வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற ஆசையை அது தீர்க்காது.

கடைசியாக, பகுதி நேர வேலை. கல்லூரியில் வருகைப் பதிவு வகுப்புகளுக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் இல்லாமல் தேர்வு எழுத விட மாட்டார்கள். முதல் ஆண்டில் உடற்கூறியலே ஆளை விழுங்கிவிடும், பகல் முழுக்க டிஸ்ஸெக்ஷன் ஹாலில் நின்றுவிட்டு வந்து இரவில் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து வார்டு போஸ்டிங். வாரக் கடைசியில் சில மணி நேரம் தேறலாம், பரீட்சை மாதங்களில் அதுவும் தேறாது. ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் புராஜெக்ட் என்ற பேச்சே வேண்டாம். அதில் வருகிற காசைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இ.எம்.ஐ. கணக்கில் சேர்க்காதீர்கள்.