மாண்டோலாவுக்குக் கிட்டார் தந்தி பொருந்துமா?

கேள்வி: என்னிடம் எட்டுத் தந்தி மாண்டோலா (மாண்டலினைவிடச் சற்றுப் பெரிய, அதே குடும்பத்துக் கருவி; தந்திகள் சி, ஜி, டி, ஏ என நான்கு இணைகள்) ஒன்று உள்ளது. அதற்கென்றே விற்கப்படும் தந்திகள் அரிதாகத்தான் கிடைக்கின்றன. கிடைத்தாலும் விலை மிக அதிகம். மாற்று வழி உண்டா?

பதில்: உண்டு. உறையில் எந்தக் கருவியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது முக்கியமன்று. தந்தியின் எடை, அதிரும் நீளம், சேர்க்க வேண்டிய சுருதி ஆகிய மூன்றுமே இழுவிசையைத் தீர்மானிக்கின்றன. எனவே ஒரே தந்தியை இரு கருவிகளில் கட்டும்போது, அதிர்வெண்ணையும் நீளத்தையும் பெருக்கி வரும் எண் இரண்டிலும் நெருங்கி இருந்தால் இழுவிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த எண் 10 சதவீதம் கூடினால் இழுவிசை 21 சதவீதம் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதிரும் நீளத்தை அறிய, முதலில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் படியும் பள்ளங்கள் உள்ள சிறு கட்டை) 12ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். அது 42 செ.மீ. என்று கொள்வோம், வழக்கமான கிட்டாரில் அது 64.8 செ.மீ. மாண்டோலாவின் டி தந்திக்கு 293.7 ஹெர்ட்ஸை 0.42 மீட்டரால் பெருக்கினால் 123 வருகிறது. கிட்டாரின் ஜி தந்திக்கு 127. ஆகவே அந்த ஜி தந்தி இங்கே கச்சிதமாகப் பொருந்தும். இதே கணக்கில் மாண்டோலாவின் சி தந்திக்குக் (55) கிட்டாரின் மிகத் தடித்த கீழ் ஈ தந்தியும் (53), ஜி தந்திக்குக் (82) கிட்டாரின் டி தந்தியும் (95) ஏற்றவை. பின்னது சற்றுத் தளர்வாக இருந்தாலும் வாசிப்புக்குக் குறையில்லை. ஆக, 12–53 அளவுள்ள (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) அக்கௌஸ்டிக் கிட்டார் தந்தித் தொகுப்பு இரண்டு வாங்கினால் மூன்று இணைகள் கிடைத்துவிடும். ஏ தந்திக்கு மட்டும் கிட்டாரின் மிக மெல்லிய மேல் ஈ தந்தி ஏறத்தாழ 8 கிலோ இழுவிசையே தருவதால் ஒலி மெலியும். அங்குலத்தின் ஆயிரத்தில் 14 பங்கு தடிமனுள்ள வெற்று எஃகுத் தந்தியைத் தனியாக வாங்கினால் அது 11 கிலோவை எட்டும். வெற்றுத் தந்தியில் மலிவானதைத் தயங்காமல் வாங்கலாம். உலோகம் சுற்றிய தந்தியில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து, ஏனெனில் சுற்று சீராக இல்லாவிட்டால் சுருதி எங்குமே சேராது.

மாண்டோலாவின் டெயில்பீஸில் (அடிமுனையில் தந்திகளைப் பிடிக்கும் உலோகத் தகடு) மாட்டுவதற்கு வளைய முனை தேவை. கிட்டார் தந்தியின் நுனியிலுள்ள சிறு குண்டைக் கட்டிங் பிளையரால் அழுத்தி நசுக்கினால் அது கழன்று, வளையம் மட்டும் எஞ்சும். துணுக்குகள் தெறிக்கக்கூடும் என்பதால் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். சுற்றுத் தந்தியின் மறுமுனையை வெட்டுமுன் கூர்மையாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். இல்லையெனில் சுற்று பிரிந்து ஒலி மங்கிவிடும். 53 அளவுத் தந்தி நட்டின் பள்ளத்தில் இறங்காவிட்டால், பள்ளத்தை அராவாமல் 49 அளவுக்கு மாறுவது நல்லது. பழைய, மெல்லிய பலகையுடைய கருவியாயின் ஒவ்வொன்றிலும் ஓரளவு மெல்லியதையே தேர்ந்தெடுங்கள்.

பிரிட்ஜ் (பலகையின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் கருவிகளில் எல்லாத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றக் கூடாது. ஒவ்வொன்றாக மாற்றி, இறுதியில் 12ஆம் ஃபிரெட்டில் சுருதி சரிபாருங்கள். தந்திகளைத் தனித்தனியாக விற்கும் கடை கிடைத்தால் 14, 24, 32, 53 ஆகிய அளவுகளில் இரண்டிரண்டு வாங்கினாலே போதும்; தொகுப்பில் வீணாகும் தந்திகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.