கன்னியாகுமரி மாவட்டத்தில் திருநெல்வேலி வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது ஏன்?

கடல்தான் முதற்காரணம். 1980களில் குளச்சல் கடற்கரையை ஒட்டிய எங்கள் பாட்டா வீட்டில் நான்கு பேட்டரி போடும் டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. எண்பது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத திருநெல்வேலி நிலையம் அதில் பட்டப்பகலிலும் கரகரப்போடுதான் வரும். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொழும்பிலிருந்து வரும் திரைப்பாடல்களோ அடுக்களை வரை தெளிவாகக் கேட்கும்.

இந்த நிலையங்கள் ஒலிபரப்பிய மத்திய அலை, பகலில் நிலத்தையோ கடலையோ ஒட்டியே நகர்கிறது. உப்புநீர் சாதாரண மண்ணைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், மன்னார் வளைகுடாவைத் தாண்டி வரும் அலை அதிகம் தேய்வதில்லை. திருநெல்வேலியின் அலையோ வறண்ட தரையையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளையும் கடந்தாக வேண்டும். இலங்கையின் ஒலிபரப்பி சக்தி மிக்கது என்று பலர் சொல்வார்கள். அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அதே பெட்டியைக் கடலைவிட்டு விலகி உள்நாட்டில் இருக்கும் குலசேகரத்திலுள்ள சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனபோது பாட்டு அவ்வளவு மங்கியிருக்காது.

பொழுது சாய்ந்தால் கதை மாறும். பகலில் அலையை உறிஞ்சிக்கொள்ளும் வளிமண்டல அடுக்கு இரவில் கலைந்துவிடுவதால், மேலே சென்று திரும்பும் அலையும் கடல்வழி வரும் அலையும் ஒன்றோடொன்று மோதி, பல்லவி உரக்கவும் சரணம் கிணற்றுக்குள்ளிருந்தும் ஒலிக்கும்.

பெட்டியை வைக்கும் திசையும் முக்கியம். உள்ளே அலையை வாங்கும் ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை எந்த நிலையத்தை நோக்குகிறதோ அந்த நிலையம் அடங்கிவிடும். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் திருவனந்தபுரம் வடமேற்கிலும் கொழும்பு தென்கிழக்கிலும், அதாவது ஏறக்குறைய ஒரே கோட்டில் எதிரெதிராக இருக்கின்றன. திருநெல்வேலி அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வடகிழக்கில் இருக்கிறது. ஆகவே, பாட்டா திருநெல்வேலிச் செய்திக்காகப் பெட்டியைக் கால்வட்டம் திருப்பினால், திருநெல்வேலியின் 1197 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே 1161இல் முழங்கிய திருவனந்தபுரம் அடங்கும்; அத்தையின் இலங்கைப் பாட்டும் சேர்ந்தே அடங்கும். அத்தை ஒருமுறை அலமாரிப் பலகையில் பெட்டியின் நான்கு மூலைகளுக்கும் கரித்துண்டால் அடையாளம் போட்டுவைத்தார். மறுநாள் பாட்டா அதன் குறுக்கே சுண்ணாம்பால் தமது கோட்டைப் போட்டார்.