அக்கா படிக்கும்போதே தம்பிக்கும் கல்லூரி: இரு உதவிக் கடிதங்களும் ஏன் ஒத்துப்போகவில்லை?

உங்கள் மகனுக்கு அமெரிக்காவில் ஒரு தனியார் கல்லூரியும் ஓர் அரசுப் பல்கலைக்கழகமும் நிதி உதவிக் கடிதங்கள் அனுப்பியிருக்கின்றன. மகள் மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போது மகனும் சேர்வதைத் தனியார் கல்லூரி கணக்கில் எடுத்து, அரசுப் பல்கலைக்கழகம் எடுக்காமல் விட்டிருப்பது பெரும்பாலும் பிழையன்று. இரண்டின் கணக்குமுறையும் வேறு.

2024-25 முதல், கூட்டரசு நிதி உதவிக்கான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பம், எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கேட்டாலும், குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை மதிப்பிடும் மாணவர் உதவிக் குறியீட்டைக் கணக்கிடும்போது அந்த எண்ணிக்கையைப் பயன்படுத்துவதில்லை. முன்பு பெற்றோர் பங்கு பிள்ளைகளிடையே பிரிக்கப்பட்டது. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே இழப்புதான். ஆனால் சிஎஸ்எஸ் புரொஃபைல் (CSS Profile) என்ற தனி நிதி உதவி விண்ணப்பத்தையும் கேட்கும் கல்லூரிகளில் பல, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை இன்றும் பார்க்கின்றன. அந்தத் தனியார் கல்லூரி உங்களிடம் இந்த விண்ணப்பத்தைக் கேட்டதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், பயணம் ஆகியவற்றைக் கூட்டி, திருப்பிக் கட்ட வேண்டாத மானியத்தையும் உதவித்தொகையையும் மட்டும் கழியுங்கள். முதலாண்டு மாணவருக்குக் காட்டப்படும் 5,500 டாலர் கூட்டரசுக் கடனும், வேலை செய்தால் மட்டுமே கைக்கு வரும் பகுதிநேர ஊதியமும் "உதவி" என்ற தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். அவற்றைக் கழித்தால் கணக்கு ஏமாற்றும்.

அரசுப் பல்கலைக்கழகத்தின் உதவி அலுவலகத்துக்கு மகளின் சேர்க்கைச் சான்றையும் கட்டண ரசீதையும் இணைத்து மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். தனிச் சூழல்களைக் கருதும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு; கட்டாயம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: மகள் பட்டம் பெற்றதும் தனியார் கல்லூரி உங்கள் பங்கை உயர்த்தக்கூடும். ஆகவே மகனின் மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கு எவ்வளவு வரும் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கி, நான்காண்டு மொத்தத்தை ஒப்பிடுங்கள்.