கிரேஃபிஷ் ஃப்ளை கட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: முதல்முறை கட்டுகிறேன். எளிதாக ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ஃப்ளை என்றால் இறகு, முடி, நூல் வைத்துத் தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரை. கிரேஃபிஷ், அதாவது கொடுக்குள்ள நன்னீர் இறால் போன்ற உயிரி, பயந்தால் வாலை வயிற்றுப் பக்கம் படீரென மடக்கிப் பின்பக்கமாகப் பாயும். அதனால் முள்ளின் காது, அதாவது நரம்பு கோக்கும் துளை, இருக்கும் பக்கம் வால், வளைவுப் பக்கம் கொடுக்கு. இதை மாற்றிக் கட்டினால் ஃப்ளை தப்பான திசையில் நீந்தும்.

6-ஆம் எண் நீளத் தண்டு முள் போதும். காதுக்குச் சற்றுப் பின்னால், தண்டின் மேற்பக்கம், டம்பெல் கண்ணை (இரு முனையிலும் குண்டுள்ள சின்ன உலோக எடை) எட்டு வடிவில் நூல் சுற்றி இறுக்குங்கள். அந்த எடையால் தண்ணீரில் முள் கவிழ்ந்து முனை மேலே நிற்கும், கல்லில் சிக்குவது குறையும். வளைவுக்கு முன்னால் முயல் தோல் பட்டை இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அதுதான் கொடுக்கு. அதே இடத்தில் செம்புக் கம்பி, சேவல் இறகு, செனில் (பஞ்சு போன்ற தடித்த நூல்) மூன்றையும் கட்டிவிடுங்கள். செனிலை முன்னோக்கிச் சுற்றி, அதன்மேல் இறகை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று சுற்றினால் கால்கள் வந்துவிடும். கம்பியை எதிர்த்திசையில் சுற்றுங்கள். மீன் பல் பட்டு இறகு அறுந்தாலும் பிரிந்து வராது. காதுக்குப் பின்னால் இடம் விட்டு முடிச்சுப் போடுங்கள். இடம் விடுங்கள் என்பதைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: நல்ல சிவப்பு இறகு வாங்கினேன். சரிதானே?

பதில்: அந்தச் சிவப்பு பெரும்பாலும் வெந்த கிரேஃபிஷின் நிறம். ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியைப் புரதம் பிடித்து வைத்திருக்கிறது. சூட்டில் பிடி விட்டதும் சிவப்பு தெரிகிறது. உயிரோடு இருக்கும்போது பல இனங்கள் ஆலிவ், பழுப்பு, துரு நிறம்தான். சிவந்த இனங்களும் உண்டு. நீங்கள் மீன் பிடிக்கும் தண்ணீரில் நாலு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழையபடி வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நரம்பு காதில் நுழையவே மாட்டேன் என்கிறது.

பதில்: இடம் விடவில்லை. முதல் பதில், கடைசி இரண்டு வரி.

கேள்வி: எந்த ரீல் வாங்கலாம்?

பதில்: கட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ரீல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: கொடுக்கு விரிந்திருக்க வேண்டாமா? உங்கள் ஃப்ளையில் ஒட்டிக் கிடக்கிறதே.

பதில்: தப்பி ஓடும்போது கொடுக்கை ஒன்றாக நீட்டிக்கொண்டுதான் ஓடும். விறைத்த, அகன்ற கொடுக்கு வைத்தால் வீசும்போது ஃப்ளை பம்பரமாய்ச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிர்த்து நிற்கும்போது கொடுக்கைத் தூக்கி விரிக்கும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதில்: நானும் பார்த்திருக்கிறேன், நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் நாம் இழுக்கும்போது அது ஓடுகிற கிரேஃபிஷ், நிறுத்தும்போதுதான் எதிர்த்து நிற்கிற கிரேஃபிஷ். இரண்டும் ஒரே ஃப்ளையில் வர வேண்டும். கட்டியதைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுப் பாருங்கள். எடை காதுப் பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் முதலில் அடியைத் தொடும், வளைவுப் பக்கம் மெல்ல எழும், முயல் முடி தானாகவே விரியும். இழுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதற்காகத்தான் மென்மையான பொருளில் பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் ஃபோம் கொடுக்கு?

பதில்: நிறுத்தும்போது நன்றாக எழும். மெலிதாக வெட்டுங்கள். தடித்தால் ஃப்ளை அடிக்கே போகாது.

கேள்வி: ஈயக் கம்பி சுற்றலாமா?

பதில்: ஈயம் நஞ்சு. டங்ஸ்டன் வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? உயிருள்ள கிரேஃபிஷையே மாட்டலாமே?

பதில்: ஒரு தண்ணீரில் பிடித்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே கூடாது. வட அமெரிக்காவின் சிக்னல் கிரேஃபிஷ் ஐரோப்பாவுக்குப் போனபோது கிரேஃபிஷ் பிளேக் நோயையும் சுமந்து போனது. அது தாங்கிக்கொண்டது, அங்கிருந்த இனங்கள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தன. வாளியில் மிஞ்சியதைக் கரையோரம் கொட்டுவது சின்னத் தப்பு இல்லை.

கேள்வி: முடிச்சில் தடவிய பசை காதை அடைத்துவிட்டது, முள்ளைத் தூக்கிப் போடவா?

பதில்: மூன்றாவது ஆள் நீங்கள். இடம் விடுங்கள்! பசை காய்வதற்குள், மிஞ்சிய சேவல் இறகின் தண்டைக் காதில் நுழைத்து உருவி எடுங்கள். இறகே பசையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடும்.