தண்டவாளம் வெறும் பாதையாக இருக்கட்டும்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் தென் ஜெர்மனியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது தன் தோட்டத்து ரயிலை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்.ஜி.பி. என்ற பொம்மை ரயில் பிராண்டின் ஸ்டைன்ஸ் என்ற, மின்சாரத்தில் ஓடும் குட்டி ‘நீராவி’ எஞ்சின், நான்கு பெட்டிகள், இரண்டு அட்டைப்பெட்டி நிறையத் தண்டவாளம். மகளுக்காகத் தோட்டத்தில் 20 மீட்டர் சுற்றாகப் போட்டேன். முதல் வாரம் அருமையாக ஓடியது. இப்போது இரண்டு நாள் மழை பெய்தால் எஞ்சின் தயங்கித் தயங்கி நின்றுவிடுகிறது. தினமும் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டது. பேட்டரியும் ரேடியோ ரிமோட்டும் வைத்தால் தீரும் என்கிறார்கள். உண்மையா? அந்த எஞ்சினைப் பிரித்து ஒயரை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. போய்ப் பார்க்கும்போதெல்லாம் அவர் ரயிலைப் பற்றித்தான் கேட்கிறார்.

கா.

அன்புள்ள கா.,

தீரும். ஒயரை வெட்டாமலே செய்யலாம்.

முதலில் ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது. உங்கள் தண்டவாளம் பித்தளை. நம் வீட்டுக் குத்துவிளக்கை மழையில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும் ஆகிறது. களிம்பு ஏறுகிறது, அதன் வழியே மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். பெரிய தொல்லை இணைப்புகளில்தான். எல்.ஜி.பி.யின் வழக்கமான நேர்த்துண்டு 30 சென்டிமீட்டர். 20 மீட்டர் சுற்று என்றால் அறுபது எழுபது துண்டுகள், இரண்டு பக்கமும் சேர்த்து 130 இணைப்புகளுக்கு மேல். ஒவ்வொன்றின் இடுக்கிலும் ஈரமும் மண்ணும் போய் உட்கார்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடுக்குக்குள் உங்கள் கை போகாது.

அதனால்தான் மின்சாரத்தை வண்டியிலேயே ஏற்றிவிட வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் இதை ‘டெட் ரெயில்’ என்று சொல்வார்கள். தண்டவாளம் வெறும் பாதை. அதில் களிம்பு இருந்தால் என்ன, நத்தை ஊர்ந்தால் என்ன! பாதையை வளைத்துத் திருப்பி அதே பாதையில் கொண்டுவந்து சேர்த்தால் இடது தண்டவாளமும் வலது தண்டவாளமும் முட்டி ஷார்ட் ஆகும் என்ற பயமும் போய்விடும். இனிப் புதிதாக வாங்கும் துண்டுகள் விலை குறைந்த அலுமினியமாகவே இருக்கலாம்.

ஸ்டைன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நூரம்பெர்க்கின் லேமான் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி.யைக் கொண்டுவந்தபோது முதலில் வந்த எஞ்சின் அதுதான். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில் ஓடிய, 1892-இல் கட்டப்பட்ட அசல் எஞ்சினின் சாயல். எல்.ஜி.பி. தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர். இந்த ரயில்கள் அசலில் 22.5-இல் ஒரு பங்கு என்பதால் அதை 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். நம் ஊட்டி மலை ரயிலின் அதே மீட்டர் கேஜ். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு இந்த அளவு ரயில் மேல் தனிப் பாசம்.

அந்த எஞ்சினுக்குள் இடம் கிடையாது. எடைக்கட்டியும் மோட்டாருமே நிறைத்துவிடும். பேட்டரியைத் திணிக்க எடைக்கட்டியை எடுத்தால் இழுவை போய்விடும். எனவே எஞ்சினுக்கு அடுத்த பெட்டியைப் பேட்டரி வண்டியாக்குங்கள். மூடிய சரக்குப் பெட்டி இருந்தால் மிக நல்லது. 18650 வகை லித்தியம் செல் நான்கு, தொடராக இணைத்தது, 14.8 வோல்ட். நான்கும் சேர்ந்து 200 கிராம்தான் இருக்கும். பாதுகாப்புச் சுற்று உள்ளேயே வைத்த ரெடிமேட் பேக்காக வாங்குங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்களைக் குழந்தை விளையாடும் வண்டியில் வைக்காதீர்கள்.

பேட்டரியின் பிளஸ் ஒயரில், பேட்டரிக்கு வெகு அருகில், ஒரு 3 ஆம்பியர் ஃப்யூஸ். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து ரேடியோ ரிசீவரும் வேகக் கட்டுப்பாடும் ஒன்றாக உள்ள ஒரு சிறு மின்னணுப் பலகை. ரேடியோ கார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகள் பல 8.4 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நான்கு செல் முழுதாக ஏறினால் 16.8 வோல்ட். ஆகவே 18 வோல்ட்டாவது தாங்குகிற, ரயிலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். மெதுவாகக் கிளம்புவதும் அதில்தான் அழகாக வரும். சிக்னல் அறுந்தால் வண்டி நின்றுவிட வேண்டும் என்று அமைத்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனா மூன்று சென்டிமீட்டர் ஒயர்தான். அது பேட்டரியை ஒட்டிக் கிடக்காமல் மேலே நிமிர்ந்து நிற்கட்டும்.

இனி வெட்டாமல் செய்யும் வழி. பெட்டிகளின் விளக்குக்கு மின்சாரம் தர எல்.ஜி.பி. எஞ்சின்கள் பலவற்றின் பின்புறம் ஒரு சாக்கெட் இருக்கும். தண்டவாளத்து மின்சாரம்தான் அதில் வரும். உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேட்டரி வண்டியில் உள்ள பலகையிலிருந்து வரும் இரண்டு ஒயரை அதில் செருகினால் போதும், மின்சாரம் எதிர்த்திசையில் மோட்டாருக்குப் போகும். இல்லையென்றால் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே மின்சாரம் வரும் இடத்தில் சிறு பிளக் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும்.

எப்படியானாலும் அதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். மின்சாரம் எடுப்பதற்காகச் சக்கரத்தின் பின்பக்கம் உரசும் கரித்துண்டுகளையும், தண்டவாளத்தில் உரசிக்கொண்டு வரும் சறுக்குகளையும் எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை வைத்து, சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் தொடர்பு அறுந்துவிட்டதா என்று பாருங்கள். நான் முதலில் மாற்றிய எஞ்சினில் சறுக்குகளை மறந்துவிட்டேன். என் தோட்டத்தில் ஒரு கோடை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. நண்பர் வீட்டில் மின்சாரம் ஓடும் தண்டவாளத்தில் தூக்கி வைத்தேன். 20 வோல்ட் பின்வழியாக ஏறிப் பலகை கண் முன்னே கருகியது. அந்த வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது.

கழற்றியவற்றை ஒரு சின்ன உறையில் போட்டு, எந்த எஞ்சினுடையது என்று எழுதி வையுங்கள். நாளைக்கே வேண்டுமானாலும் அந்த எஞ்சினைப் பெரியவர் கொடுத்தபடியே மாற்றிவிடலாம்.

வேகம் முன்பைவிடக் குறையும். எனக்கு அது பிடிக்கும், சிறுபாதை ரயில் அப்படித்தான் போகும். புகை விடும் கருவி இருந்தால் கழற்றிவிடுங்கள், பேட்டரியைத் தின்றுவிடும். 2600 மில்லி ஆம்பியர் மணி பேக் ஒன்று, எஞ்சின் அரை ஆம்பியர் இழுத்தால், ஐந்து மணி நேரம் வரும். உங்களுக்கும் மகளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும்.

சார்ஜ் போடும்போது பேக்கை வெளியே எடுத்து, நான்கு செல் லித்தியத்துக்கான 16.8 வோல்ட் சார்ஜரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உங்கள் ஊர்க் குளிருக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: பனியில் ஓட்டிவிட்டு வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் செல்லைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுப்போகும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். குளிர்காலம் முழுக்க எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.

பெரியவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இத்தனை நாளும் டிரான்ஸ்ஃபார்மரும் பிளக் பாயின்ட்டும் இல்லாமல் அந்த எஞ்சின் எங்கும் நகர்ந்திருக்காது. இனி அப்படி இல்லை. எல்.ஜி.பி.யின் மிகச் சிறிய வளைவு பன்னிரண்டு துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம், குறுக்கே 1.2 மீட்டர்தான். ஒரு பைக்குள் அடங்கும். எஞ்சினையும் பேட்டரி வண்டியையும் மகள் மடியில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை பார்க்கப் போகும்போது இல்லத்தின் வரவேற்பறையில் கேட்டுவிட்டு, தரையில் வட்டத்தைப் போட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுங்கள்.