மூடி போட்ட வெள்ளிக் குவளை: முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஒஸ்லோவில் வசிக்கிறேன். எங்கள் மாடியில் இருந்த நோர்வேஜிய அம்மா ஒருவர் வீடு மாறும்போது மூடி போட்ட வெள்ளிக் குவளை ஒன்றைத் தந்தார். மூன்று சிங்கக் கால்கள், மூடியைத் திறக்கும் இடத்தில் இன்னொரு சிங்கம், மூடியின் நடுவில் 1600-களின் நாணயம். அடியில் ‘830 எஸ்’ என்று இருக்கிறது. பேர்கன் அருங்காட்சியகத்தில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன். இதுவும் அவ்வளவு பழசா? வீட்டில் மினுக்கலாமா?

பதில்: அவ்வளவு பழசு இல்லை. ‘830 எஸ்’ என்பது ஆயிரத்தில் 830 பங்கு வெள்ளி என்று உறுதி சொல்லும் முத்திரை. நோர்வேயில் அது 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. எனவே உங்கள் குவளை அதற்குப் பிந்தியது. நாணயம் அசலாகவே இருக்கலாம். பழைய நாணயத்தைப் புது மூடியில் பதிப்பது அங்கே சாதாரணம். நாணயத்தில் உள்ள ஆண்டை வைத்துக் குவளைக்கு வயது சொல்பவரை நம்ப வேண்டாம்.

அதற்காக இதைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். நோர்வே சுவீடன் மன்னரின் கீழ் இருந்த அந்தக் கடைசி ஆண்டுகளில், 1905-இல் பிரிவதற்கு முன்பு, தங்கள் பழைய வடிவங்கள் மேல் மக்களுக்குப் பெரிய மோகம். உங்கள் ஊர் டேவிட்-ஆண்டர்சன், பேர்கனின் மாரியுஸ் ஹம்மர் போன்ற பட்டறைகள் பழைய குவளைகளின் சாயலில் செய்து, தங்கள் முத்திரையை ஒளிக்காமல் குத்தி விற்றன. ‘830 எஸ்’ பக்கத்திலேயே செய்தவர் முத்திரை இருக்கும், தேடுங்கள். மோசடி என்றால் அது ஜெர்மனியின் ஹனாவ் நகரத்துச் சரக்கு. அங்கே பழைய முத்திரைகளைப் போலவே தோன்றும் பொய் முத்திரைகளைக் குத்தினார்கள்.

அடுத்த முறை அருங்காட்சியகம் போனால் குவளையின் உட்புறத்தை எட்டிப் பாருங்கள். பலவற்றில் உள்சுவரில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் சின்னச் சின்ன வெள்ளி முளைகள் இருக்கும். பியர் நிரம்பிய குவளை மேசையைச் சுற்றி வரும். அடுத்த முளை தெரியும்வரை குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும். யாரும் கூடக் குடித்துவிட முடியாது! இந்தப் பாணி வடகடல் வணிகத்தோடு இங்கிலாந்துக்கும் போனது. யோர்க் நகரத்து ஜோன் பிளம்மர் 17-ஆம் நூற்றாண்டில் இப்படிச் செய்திருக்கிறார்.

அடிப்பாகத்தைக் கண்ணாடியில் காட்டி வைத்திருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய வளைந்து நெளிந்த கீறல் ஒன்று தெரியலாம். விபத்தாக விழுந்த கீறல் அல்ல அது. தரம் சோதிக்கக் கொஞ்சம் வெள்ளியைச் சுரண்டி எடுத்த தடம். கோபன்ஹேகன் வேலை என்றால் மூன்று கோபுர முத்திரையும் அதன் கீழ் ஆண்டின் இலக்கங்களும் இருக்கும். சுவீடனில் 1759 முதல் நாடு முழுவதற்கும், செய்த ஆண்டைக் குறிக்கும் ஒரே எழுத்து வரிசை, ‘ஏ’யில் தொடங்கி.

மூடியில் முதலெழுத்துகள் செதுக்கியிருந்தால் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ‘எஸ்’ என்றால் இன்னாருடைய மகன், ‘டி’ என்றால் மகள். இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒரு தம்பதி. தகப்பன் பெயரை முன்னால் போடும் நமக்கு இது பிடிபடச் சிரமமில்லை.

மினுக்குவது பற்றி: திருநீறு, பற்பசை இரண்டும் வேண்டாம். குத்துவிளக்கு தாங்கும், செதுக்கு வேலையும் முத்திரையும் தேய்ந்து போகும். உள்ளே தங்கமுலாம் இருந்தால் அது மிக மெல்லியது, அதைத் தொடவே வேண்டாம். வெள்ளியை அமிழ்த்தி எடுக்கும் திரவங்களும் கூடாது. செதுக்கலின் பள்ளத்தில் தங்கிய கருமைதான் அந்த வேலையை எடுப்பாகக் காட்டுகிறது. இளஞ்சூட்டு நீர், ஒரு துளி சோப்பு, பருத்தித் துணி போதும். கீல் பக்கம் ஈரம் தங்காமல் துடைத்துவிடுங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் எடை போட்டு விலை சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். பட்டறை முத்திரையைப் படம் பிடித்து ஏல நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புங்கள். நல்ல பட்டறையின் பெயர் வெள்ளியின் எடையை விடக் கூடுதலாகப் பெறும்.