கேள்வியும் பதிலும்: டார்வினுக்கு முந்தைய ஐயம்

கே: ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ‘இன் மெமோரியம்’ டார்வினுக்கு எழுதிய மறுமொழி என்கிறார்களே?

ப: ஆண்டுக் கணக்கே இடிக்கிறது. இறந்த நண்பனுக்காக அவர் எழுதிய இந்த நெடும் இரங்கற்பா வெளிவந்தது 1850-இல். பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் 1859-இல். டென்னிசனை உலுக்கியது நிலவியல், குறிப்பாக நிலவியலாளர் லயலின் நூல் (1830–33). 55-ஆம் பாடலில், தனி உயிரைக் கைவிட்டாலும் இனத்தையாவது இயற்கை காக்கிறதே என்று மனத்தைத் தேற்றப் பார்க்கிறார். 56-இல் பாறைக்குள் கிடக்கும், அழிந்த உயிர்களின் எச்சங்கள் அந்த ஆறுதலையும் பறித்துவிடுகின்றன: ஆயிரம் இனங்கள் போயின, எதைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை என்கிறாள் இயற்கை. இரண்டையும் ஒரே மூச்சில் படியுங்கள். 56-ஐத் தனியே எடுத்தால் அந்த அடி உறைக்காது.

கே: ‘சமயக் கொள்கைகளில் பாதியைவிட நேர்மையான ஐயத்தில் நம்பிக்கை அதிகம்’ என்ற வரி நாத்திகம்தானே?

ப: மேற்கோள் நூல்கள் செய்த வேலை இது! 96-ஆம் பாடலை முதலிலிருந்து பாருங்கள். நீரில் தத்தளிக்கும் ஈக்கும் இரங்கும் நீலவிழிப் பெண் ஒருத்தி, ஐயம் சாத்தானின் பிள்ளை என்கிறாள். அவளுக்குத்தான் இந்த மறுமொழி. அதே பாடலில், ஐயங்களோடு மல்லுக்கட்டி உறுதியான நம்பிக்கையை எட்டிய ஒருவன் வருகிறான். 1833-இல், 22 வயதில் வியன்னாவில் இறந்த நண்பன் ஆர்தர் ஹாலம்தான் அவன் என்பது பொதுவான கருத்து. ஆக, இங்கே வாதத்துக்குச் சான்று நண்பன்மேல் வைத்த அன்புதான்.

131 பாடல்களும் மலைப்பாக இருந்தால், மூன்று கிறிஸ்துமஸ்களைப் பற்றிய பாடல்களைப் (28, 78, 104) பிடித்துக்கொள்ளுங்கள். துயரம் மாறிவருவது தெரியும். வாய்விட்டுப் படிப்பது அவசியம். நான்கடிச் செய்யுளில் நடு இரண்டடிகளுக்கு ஓர் இயைபு, முதலுக்கும் கடைசிக்கும் வேறோர் இயைபு. முதலடியின் ஓசை மறக்கப்போகும் நேரத்தில் நான்காமடியில் திரும்பிவரும். முன்னே போய்ப் போய்த் திரும்பும் துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான யாப்பு ஏது?

கே: இதே ஐயத்தைப் பாடும் இன்னொரு ஆங்கிலக் கவிஞர் ஆர்னல்டின் ‘டோவர் பீச்’ காதல் கவிதையா?

ப: ஆம், ஆனால் எளிதில் நம்பவிடாத காதல். 1867-இல் வந்த இந்தக் கவிதையில் 37 அடிகள். ஆறாம் அடியிலேயே ஜன்னலருகே வா என்று காதலியை அழைக்கிறார். சமய நம்பிக்கை வற்றும் கடலாக மூன்றாம் பத்தியில்தான் வருகிறது. ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம் என்று கெஞ்சுவது 29-ஆம் அடி. உடனே, உலகில் இல்லாதவற்றை அடுக்குகிறார்: மகிழ்ச்சி, ஒளி, உறுதி, அமைதி, வலிக்குத் துணை. அந்தப் பட்டியலில் காதலும் இருக்கிறது.